காலையில் ஸ்டார்ட் ஆகாத டீசல் ஜீப்: லைனில் ஏர் எங்கே நுழைகிறது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம்

மழை பிடித்துவிட்டால் குமரி மாவட்டத்தில் குலசேகரம், கடையாலுமூடு, ஆறுகாணி பக்கம் ஜீப் வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கிற புலம்பல் ஒன்று உண்டு. ராத்திரி நல்லபடியாக ஓடி வந்து நின்ற வண்டி விடிந்ததும் பிடிக்க மாட்டேன் என்கிறது. செல்ஃப் அடிக்கிறது, இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரியைப் பாதி காலி பண்ணி, நாலு பேர் தள்ளி, ஒருவழியாக எழுந்தால் முதல் ஒரு நிமிடம் திக்கித் திணறும், அப்புறம் ஒன்றுமே நடக்காதது மாதிரி ரப்பர் ஷீட்டும் வாழைக்குலையும் ஏற்றிக்கொண்டு நாள் முழுக்க ஏற்றம் ஏறும். மதியம் பத்து நிமிடம் நிறுத்தி எடுத்தால்கூட ஒரே சாவியில் பிடிக்கும். மறுநாள் காலை மறுபடி அதே கதை.

ராத்திரி முழுக்க நின்றால் மட்டும் தகராறு, சூட்டில் தகராறு இல்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டீசல் லைனில் ஏர். இதற்குத்தான் பலரும் "பம்பு போச்சு அண்ணே, இறக்கணும்" என்ற வார்த்தையைக் கேட்டுப் பயந்து, பம்பைக் கழற்றிப் பம்ப் கடையில் கொடுத்து, பெரிய பில்லோடு திரும்ப மாட்டி, ஒரு வாரம் கழித்து அதே இடத்தில் வந்து நிற்கிறார்கள். இன்னொரு கூட்டம் தினமும் காலையில் ஹேண்ட் பம்ப் அடித்து ஏர் எடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டே வருஷத்தை ஓட்டிவிடும். ஏர் எடுப்பது ரிப்பேர் கிடையாது. ஏர் எந்த வழியாக உள்ளே வந்தது என்று கண்டுபிடித்து அந்த வழியை அடைப்பதுதான் ரிப்பேர், அதை ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த யாரும் வீட்டு முற்றத்தில் செய்யலாம்.

ஒரு விஷயம் முதலிலேயே. நான் சொல்வது மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளுக்கு: பழைய மஹிந்திரா மேஜர், கமாண்டர், டி.ஐ. (டைரக்ட் இன்ஜெக்ஷன்) இன்ஜின் போலேரோ, 2010-ல் வந்த மஹிந்திரா தார் வண்டியில் டி.ஐ. வகை, இந்த மாதிரி. உங்களுடையது சி.ஆர்.டி.இ. என்றால், அதாவது காமன் ரயில் (எல்லா நாசிலுக்கும் ஒரே பொதுக் குழாயில் இருந்து டீசல் போகிற வகை) என்றால், கீழே அதற்குத் தனியாகச் சொல்லியிருக்கிறேன், அதைப் படிக்காமல் ஸ்பேனரைத் தொடாதீர்கள்.

டீசல் போகும் வழி

டேங்கில் இருந்து ஃபீட் பம்ப் டீசலை உறிஞ்சுகிறது, ஃபில்டருக்குத் தள்ளுகிறது, ஃபில்டரில் இருந்து பெரிய பம்புக்கு (இறக்கணும் என்று சொல்கிற பம்ப் இதுதான்), அங்கிருந்து பிரஷர் பைப் வழியாக, சிலிண்டருக்குள் டீசல் பீய்ச்சும் நாசிலுக்கு. மிச்சம் வருவது ரிட்டன் பைப்பில் டேங்குக்கே திரும்பிவிடும். டேங்க் முதல் ஃபீட் பம்ப் வரை உள்ள பகுதி உறிஞ்சும் பக்கம், அதற்கு அப்புறம் எல்லாம் தள்ளும் பக்கம். தள்ளும் பக்கம் லூஸாக இருந்தால் டீசல் வெளியே கசியும், நனைந்திருக்கும், தூசி ஒட்டியிருக்கும், பார்த்ததும் தெரிந்துவிடும். உறிஞ்சும் பக்கம் லூஸாக இருந்தால் பெரும்பாலும் ஒரு சொட்டுகூட வெளியே வராது. இளநீர் குடிக்கிற ஸ்ட்ராவில் பொத்தல் விழுந்தால் இளநீர் சிந்தாது, காற்றுதான் வரும், அதே சங்கதி. அதனால்தான் "எல்லா இடமும் பார்த்துட்டேன், எங்கேயும் லீக் இல்லை" என்று சொல்கிறவருடைய வண்டியிலும் ஏர் இருக்கும்.

ராத்திரி என்ன நடக்கிறது என்றால், அந்தப் பொத்தல் வழியாகக் காற்று மெல்ல உள்ளே வர, லைனில் நின்ற டீசல் தன் எடைக்கே டேங்குக்கு வழிந்து போய்விடும். காலையில் ஃபீட் பம்ப் வெறும் காற்றைத்தான் தள்ளும். காற்று அமுங்கும், டீசல் அமுங்காது, எனவே பம்ப் எவ்வளவு அடித்தாலும் நாசில் திறக்கிற அளவுக்கு அழுத்தம் வராது.

ரோட்டரி பம்ப் (ஒரே பம்ப் சுழன்று எல்லா நாசிலுக்கும் டீசலைப் பங்கிடுகிற வகை) வண்டிகள் சிலவற்றில் தனி ஃபீட் பம்பே இருக்காது, பெரிய பம்ப்தான் உறிஞ்சும். அந்த வண்டியில் ஃபில்டரும் உறிஞ்சும் பக்கத்தில்தான் சேரும். இது ஞாபகம் இருக்கட்டும், ஃபில்டர் மூடியின் ரப்பர் சீல் அங்கே பெரிய திருடன்.

டீசல் லைனைத் தொடுவதற்கு முன்

முதலில் பேட்டரி. சும்மா நிற்கும்போது 12.6 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும், செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியையோ டெர்மினலையோ பாருங்கள். டீசல் இன்ஜின் வேகமாகச் சுற்றினால்தான் உள்ளே காற்று சூடாகும், மெதுவாகச் சுற்றுகிற இன்ஜினில் ஏரைத் தேடுவது வீண் வேலை.

அப்புறம் ஸ்டாப் கேபிள். பழைய ஜீப்பில் இன்ஜினை நிறுத்த இழுக்கிற குமிழ் இருக்குமே, அது உள்ளே போனாலும் பம்ப் பக்கத்தில் லீவர் திரும்பி வராமல் துருவில் மாட்டி நிற்கும். குளச்சல், முட்டம், ராஜாக்கமங்கலம் பக்கம் உப்புக் காற்றில் நிற்கிற வண்டிகளுக்கு இது ரொம்பச் சகஜம். பானட்டைத் திறந்து லீவரைக் கையால் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். சோலனாய்டு (கரண்டில் டீசலைத் திறந்து மூடும் வால்வு) வைத்த பம்ப் என்றால் சாவியைப் போட்டதும் பம்பில் இருந்து "டிக்" என்று ஒரு சத்தம் வர வேண்டும். வரவில்லை என்றால் வயரைப் பாருங்கள், ஏர் இல்லை.

அடுத்து புகை. ஒரு ஆளைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் சைலன்சர் பக்கம் நில்லுங்கள். புகையே வரவில்லை என்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை, நம் கதைதான். வெள்ளைப் புகை குபுகுபு என்று வந்தும் பிடிக்கவில்லை என்றால் டீசல் போகிறது, எரியவில்லை, அதாவது ஹீட்டர் பிளக், கம்ப்ரஷன், டைமிங் இந்த மூன்றில் ஒன்று. நம்ம ஊரில் என்ன குளிர் என்று ஹீட்டர் பிளக்கை அலட்சியப்படுத்துகிறவர்கள் உண்டு, ஹீட்டர் பிளக் வைத்தே வந்த பழைய இன்டைரக்ட் இன்ஜினுக்கு நம்ம ஊர்க் காலையிலும் அது வேண்டும். டி.ஐ. இன்ஜினுக்குப் பெரும்பாலும் வேண்டியதில்லை. கறுப்புப் புகை என்றால் முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டிப் பாருங்கள்.

ஹேண்ட் பம்ப் சொல்லும் செய்தி

ஃபீட் பம்பின் மேலேயோ ஃபில்டர் தலையிலோ ஒரு குமிழ் இருக்கும், சிலதைத் திருகித் தளர்த்தினால்தான் அசையும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், செல்ஃப் அடிக்காமல், அதை மட்டும் அடித்துப் பாருங்கள். இரண்டு மூன்று அடியில் கல் மாதிரி கெட்டியானால் லைன் நிறைந்திருக்கிறது, உறிஞ்சும் பக்கத்தில் பெரிய குறை இல்லை. இருபது முப்பது அடி அடித்த பிறகே கெட்டியானால் ராத்திரியில் டீசல் இறங்கியிருக்கிறது. எவ்வளவு அடித்தாலும் பஞ்சு மாதிரியே இருந்தால் ஒன்று காற்று தொடர்ந்து உள்ளே வருகிறது, அல்லது ஃபீட் பம்புக்குள் இருக்கும் வால்வு மூடவில்லை. மேலே இழுக்கவே கனமாக இருந்து, கையை விட்டதும் தானாகக் கீழே இறங்கினால் அது வேறு குறை: முன்னால் அடைப்பு. டேங்குக்குள் இருக்கும் வலையோ, மடங்கிய ஹோஸோ, டேங்க் மூடியின் காற்றுத் துளையோ அடைத்திருக்கும்.

அந்த மூடித் துளையைப் பற்றி ஒரு வார்த்தை. வண்டி கொஞ்ச தூரம் நன்றாக ஓடி, இழுவை குறைந்து, நின்று, அரை மணி நேரம் கழித்துத் தானாகச் சரியானால், நின்ற உடனே டேங்க் மூடியைத் திறங்கள். "புஸ்" என்று காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டால் குறை கிடைத்துவிட்டது. சேறும் புழுதியும் அடைத்த ஒரு சின்னத் துளை, ஒரு ஊசி போதும்.

சரிவில் ஒரு சோதனை

இது மலையோரத்துக்காரர்களுக்கு மட்டும் கிடைத்த வசதி. டேங்க் பின்பக்கம் இருக்கிற வண்டியை மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்தினால் இன்ஜின் உயரத்திலும் டேங்க் பள்ளத்திலும் இருக்கும், டீசல் வேகமாக இறங்கிவிடும். ஒரு ராத்திரி அப்படியும், மறு ராத்திரி மூக்கு பள்ளத்தைப் பார்க்கவும் நிறுத்திப் பாருங்கள், கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து. மேட்டைப் பார்த்து நின்றால் தகராறு, பள்ளத்தைப் பார்த்து நின்றால் ஒரே சாவியில் ஸ்டார்ட் என்றால் இனி சந்தேகமே வேண்டாம்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. ஏர் பிடித்த வண்டியைச் சரிவில் உருட்டி ஸ்டார்ட் பண்ணப் பார்ப்பது நம்மவர்களின் வழக்கம். லைனில் டீசலே இல்லாதபோது எவ்வளவு உருட்டினாலும் சட்டென்று பிடிக்காது. அதோடு பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவம் இன்ஜின் சுற்றினால்தான் வரும், இன்ஜின் நின்ற வண்டியில் ஒன்றிரண்டு மிதிக்கு அப்புறம் பிரேக் கட்டையாகிவிடும். பேச்சிப்பாறை ரோட்டு வளைவில் அதைத் தெரிந்துகொள்ள வேண்டாம்.

ஏர் எடுப்பது

முதலில் ஃபில்டர் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் டீசல் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தங்கும், கோடு போட்ட மாதிரி பிரிந்து தெரியும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் பெய்கிற மாவட்டம் இது, டேங்க் பாதி காலியாக நின்றாலே உள்ளே ஈரம் கோர்க்கும், கேனில் டீசல் வாங்கி எஸ்டேட்டில் வைத்து ஊற்றுகிறவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். தண்ணீர் வந்தால் சுத்த டீசல் வரும்வரை விடுங்கள். அதைப் பம்புக்குப் போக விட்டால் அப்போதுதான் உண்மையிலேயே பம்ப் போகும்.

பிறகு வரிசை: டேங்க் பக்கத்தில் இருந்து இன்ஜின் பக்கமாக. ஃபில்டர் தலையில் உள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி ஹேண்ட் பம்ப் அடியுங்கள். நுரை வரும், குமிழ் வரும், அப்புறம் தெளிவான டீசல் வரும். தெளிவாக வந்துகொண்டிருக்கும்போதே, அடிப்பதை நிறுத்தாமல், ஸ்க்ரூவை மூடுங்கள். நிறுத்திவிட்டு மூடினால் மறுபடி ஒரு வாய்க் காற்று உள்ளே போய்விடும், புதிதாகச் செய்கிறவர்கள் எல்லாரும் இங்கேதான் மாட்டுகிறார்கள். அடுத்து பம்பில். இன்லைன் பம்ப் (ஒவ்வொரு நாசிலுக்கும் தனித்தனி அடி வரிசையாக உள்ள வகை) என்றால் பக்கவாட்டில் ஏர் ஸ்க்ரூ இருக்கும், அதே முறை. ரோட்டரி என்றால் பம்புக்குள் நுழைகிற பாஞ்சோ போல்ட்டை (டீசல் போக நடுவில் துளை உள்ள போல்ட்) தளர்த்தி அடித்தால் பெரும்பாலும் போதும், மீதியைப் பம்பே ரிட்டன் வழியாகத் தள்ளிவிடும். ரோட்டரியில் வெளியேறும் பக்கத்துப் போல்ட்டில் "அவுட்" என்று பொறித்திருந்தால் அதை நுழைகிற பக்கத்துப் போல்ட்டோடு மாற்றிப் போட்டுவிடாதீர்கள், அதற்குள் அளவெடுத்த ஒரு நுண்துளை இருக்கிறது, மாறினால் இல்லாத குறை எல்லாம் வரும்.

இப்போது செல்ஃப் அடியுங்கள், ஒரு தடவைக்கு 10 முதல் 15 விநாடி, நடுவில் ஒரு நிமிடமாவது விடுங்கள், இல்லையென்றால் செல்ஃப் மோட்டார் கருகும். பிடிக்கவில்லை என்றால் நாசில் பக்கத்துப் பிரஷர் பைப் நட்டுகளை (பெரும்பாலும் 17 ஸ்பேனர்) அரைச் சுற்றுத் தளர்த்தி மறுபடி அடியுங்கள். துள்ளித் துள்ளி டீசல் வந்ததும் ஒவ்வொன்றாக இறுக்குங்கள், எல்லாவற்றையும் இறுக்கும் முன்பே சிலசமயம் இன்ஜின் பிடித்துவிடும். கை விரலை நட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், துணியைப் போர்த்துங்கள். நாசிலில் இருந்து பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், ஊசி குத்திய மாதிரி சின்ன அடையாளம்தான் இருக்கும், ஆனால் அது உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம்.

பொத்தலைப் பிடிப்பது

இதுதான் முக்கியமான வேலை, பொறுமையும் இங்கேதான் வேண்டும். ஒரு மீட்டர் டீசல் தாங்கும் டிரான்ஸ்பரன்ட் ஹோஸும் இரண்டு கிளிப்பும் வாங்குங்கள். ஃபீட் பம்புக்குள் நுழைகிற ஹோஸைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதை மாட்டி இன்ஜினை ஓட விடுங்கள். காற்றுக் குமிழ் ஓடுகிறது என்றால் பொத்தல் டேங்குக்கும் இந்த ஹோஸுக்கும் நடுவில். குமிழே இல்லை என்றால் ஹோஸுக்கு அந்தப் பக்கம், ஃபீட் பம்ப், ஃபில்டர், ரிட்டன் என்று தேட வேண்டும்.

இன்னும் உறுதியாகத் தெரிய, சுத்தமான கேனில் நல்ல டீசல் ஊற்றி, ஃபீட் பம்பை விட உயரமான, இன்ஜின் சூடு படாத இடத்தில் கட்டி வைத்து, ஹோஸின் மறுமுனையை அதில் போடுங்கள். டேங்கும் பழைய லைனும் இப்போது கணக்கிலேயே இல்லை. ஏர் எடுத்து ஓட்டி, ராத்திரி அப்படியே விட்டு, காலையில் ஒரே சாவியில் பிடித்தால் பம்ப், நாசில் எல்லாம் நிரபராதி. ஒரு ரூபாய்கூட பம்ப் கடைக்குக் கொடுக்கத் தேவையில்லை. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் யாராவது பம்பை இறக்கச் சொன்னால் நான் சம்மதிக்க மாட்டேன்.

டேங்க் பக்கம் என்று தெரிந்த பிறகு பார்க்க வேண்டிய இடங்கள் கைவிரலில் அடங்கும். ரப்பர் ஹோஸை வளைத்துப் பாருங்கள், வெடிப்பு வளைத்தால்தான் தெரியும், கிளிப் அடியில்தான் அதிகம். இரும்புப் பைப் சேஸில் கிளாம்ப் போட்டு நிற்கும் இடத்தில், கிளாம்பைக் கழற்றிப் பார்த்தால் அடியில் துரு அரித்திருக்கும், சேறு பிடித்து ஈரம் காயாத இடம் அது. பாஞ்சோ போல்ட்டின் செம்பு வாஷர், ஒவ்வொரு தடவை கழற்றும்போதும் பழசையே போட்டுப் போட்டு நசுங்கி மேடு பள்ளமாகி இருக்கும். பிரீஃபில்டர் கிண்ணத்தின் ரப்பர். ஹேண்ட் பம்பே பல வண்டிகளில் திருடன்தான், குமிழின் அடியில் ஈரமாக இருந்தால் மாற்றிவிடுங்கள்.

டேங்குக்குள் இறங்குகிற பைப்பை மட்டும் யாரும் நினைப்பதில்லை. டேங்க் நிறைய டீசல் இருக்கும்போது குறையே இல்லை, பாதிக்குக் கீழே வந்ததும் தினமும் தகராறு, அதுவும் ஏற்றத்தில் இழுவை போகிறது என்றால், அந்தப் பைப்பில் டேங்குக்குள்ளேயே துரு துளை போட்டிருக்கிறது. டீசல் மூடியிருக்கும்வரை துளை தெரியாது, மட்டம் இறங்கியதும் காற்றை உறிஞ்சும். வெளியே எவ்வளவு வாஷர் மாற்றினாலும் இது தீராது, டேங்கில் இருந்து அந்தப் பைப் யூனிட்டைக் கழற்றிப் பார்க்கத்தான் வேண்டும்.

டேங்க் பக்கம் சுத்தம் என்றால் நாசில்களுக்கு மேலே ஓடுகிற சின்ன ரிட்டன் ஹோஸ்களைப் பாருங்கள். நூல் சுற்றிய அந்த ஹோஸ் இன்ஜின் சூட்டில் காய்ந்து வெடிக்கும், வண்டி நிற்கும்போது அது வழியாகவும் காற்று உள்ளே போய் டீசல் பின்னால் இறங்கும். விலை ரொம்பக் குறைவு, சந்தேகம் வந்தாலே மொத்தமாக மாற்றுங்கள்.

கம்ப்ரஸர் காற்றை டேங்கில் அடித்து லீக் தேடுகிற பழக்கம் சில ஒர்க்ஷாப்பில் இருக்கிறது. வேண்டாம், டேங்க் உப்பும், சீம் பிரியும்.

அடைப்பது

செம்பு வாஷர் எப்போதும் புதிது. மலைமேல் மாட்டிக்கொண்டு புதிது கிடைக்காத நேரத்தில் பழசைச் சிவக்கச் சூடாக்கித் தண்ணீரில் போட்டால் இளகிக் கொடுக்கும், கறுப்பைத் தேய்த்துவிட்டுப் போடலாம், டவுனுக்கு வந்ததும் மாற்றிவிடுங்கள். தண்ணீர்க் குழாய் மரையில் சுற்றுகிற வெள்ளை டேப்பை டீசல் பைப்பில் சுற்றாதீர்கள், பிய்ந்த துணுக்கு ஒன்று பம்புக்குள் போனால் போதும். எம்-சீல், சோப்பு எல்லாம் ஒர்க்ஷாப் வரை ஓட்டிக்கொண்டு போக மட்டும். ரப்பர் ஹோஸ் வாங்கும்போது டீசலுக்கு உள்ளதுதானா என்று கேட்டு வாங்குங்கள், தண்ணீர் ஹோஸைப் போட்டால் உள்ளே ஊறி உப்பி, கொஞ்ச நாளில் அதுவே அடைப்பாகும். ஃபில்டர் மாற்றும்போது பழைய சீல் மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், அதன்மேல் புது சீல் உட்கார்ந்தால் ஒருநாளும் காற்றுப் புகாதபடி மூடாது. ஏர் ஸ்க்ரூவை ரொம்ப முறுக்காதீர்கள், ஃபில்டர் தலை அலுமினியம், மரை போய்விடும்.

சி.ஆர்.டி.இ. வண்டிக்காரர்களுக்கு

பிரஷர் பைப்பைத் தளர்த்தி ஏர் எடுக்கிற வேலையே உங்களுக்குக் கிடையாது. அந்தப் பைப்பில் அழுத்தம் ஆயிரம் பாருக்கு (பார் என்பது அழுத்த அலகு) மேல்கூடப் போகும், இன்ஜின் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் மிச்சம் இருக்கும். நீங்கள் செய்யக்கூடியது ஃபில்டரில் தண்ணீர் வடிப்பது, டேங்கில் இருந்து ஃபில்டர் வரை உள்ள ஹோஸ், கிளிப் பார்ப்பது, ஹேண்ட் பம்ப் இருந்தால் அடிப்பது, அவ்வளவுதான். ரயில் பிரஷர் எவ்வளவு ஏறுகிறது என்பதை ஸ்கேனர் வைத்துத்தான் பார்க்க முடியும், நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஸ்கேனர் உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள். ஆனால் போவதற்கு முன் சரிவுச் சோதனையைச் செய்துவிட்டு, அதில் என்ன தெரிந்தது என்று சொல்லுங்கள், அந்த ஒரு தகவலே பாதி வேலையைக் குறைக்கும்.

பம்ப் கடைக்கு எப்போது?

கேன் சோதனையில், ரிட்டன் ஹோஸும் புதிது போட்ட பிறகு, காலையில் அதே தகராறு நின்றால். அல்லது சூடான இன்ஜின் நிறுத்தி எடுக்கும்போது பிடிக்கவில்லை, ஆறியதும் பிடிக்கிறது என்றால், அது பம்புக்குள்ளே தேய்மானம், வீட்டில் ஒன்றும் செய்ய முடியாது. நாசிலை டெஸ்டரில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், எந்த அழுத்தத்தில் திறக்கிறது, சொட்டுகிறதா என்று உங்கள் கண்முன்னே காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டேன் என்றால் வேறு கடை.

வேலை முடிந்ததும் இரண்டு மூன்று ராத்திரி மூக்கு மேட்டைப் பார்க்கவே நிறுத்திப் பாருங்கள். காலையில் ஹேண்ட் பம்பைத் தொடாமல் பிடித்தால் டிரான்ஸ்பரன்ட் ஹோஸைக் கழற்றிவிட்டு நல்ல ரப்பர் ஹோஸ் போடுங்கள். கண்ணுக்குத் தெரிகிறதே என்று அதையே விட்டுவிட்டால் சூட்டில் மஞ்சளித்து விறைத்து, கிளிப் அடியில் வெடித்து, புதுப் பொத்தல் அங்கேயே வரும்.